முழம் போட்டு ஒரு படம்

தேவகுமாருக்கு எரிச்சலாக வந்தது. மகளுக்கென்று தேடிப் பிடித்த படங்களை அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"விருது வாங்குன படம்மா. ஒன்றரை மணி நேரந்தான். சூப்பரா இருக்கும்."

"வேணாம்பா," என்றாள் ஸ்ரேயா. போஸ்டரைக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை மட்டும் பார்த்தாள்.

"இது மூணேகால் மணி நேரம். இதைப் போடுப்பா."

"உலகமே கொண்டாடுன படந்தான், ஆனா பெரியவங்களே தூங்கிடுவாங்க. உனக்குப் புரியாது."

"புரியாட்டி பரவால்லப்பா."

"முழம் போட்டுப் பாத்து எடுக்கிறியே, இது என்ன புடவையா?" என்று கத்தியே விட்டார். ஸ்ரேயா தலையைக் குனிந்துகொண்டாள்.

போன் அடித்தது. ஓரிக்கையிலிருந்து ஜ்வாலாமாலினி.

"படம் போட்டாச்சா? முடிஞ்சதும் பொண்ணைக் கொண்டாந்து விட்டுடுங்க. மாசத்துக்கு ஒரு நாள், ஒரு படம். பிரியும்போதே பேசினதுதான்."

தேவகுமார் மகளைப் பார்த்தார். ரிமோட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

"இன்னும் போடல," என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இதைவிடப் பெருசா ஒண்ணு இருக்குதும்மா. அதைப் பாக்கலாமா?"