ஞாயிறு டியூட்டி

நாலாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் மொத்தென்று நின்றுபோனது. உள்ளே, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் பைபிளுமாக சபை மூப்பர்.

போயும் போயும் இன்றைக்கா! ஆராதனை முடிந்ததும் கமிட்டிக் கூட்டம் வேறு இருக்கிறது. ரெண்டு வருஷமாக ஆராதனைப் பக்கமே தலைகாட்டாத லிஃப்ட் மெக்கானிக்கின் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவரே இவர்தான்.

அலாரத்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். காவலாளி கம்பெனிக்குப் போன் போட்டார். கால் மணி நேரத்தில் மேலே, கதவு இடுக்கில் ஒரு முகம் தெரிந்தது.

"பயப்படாதீங்க ஐயா, நான் வந்துட்டேன்."

அட, அதே மெக்கானிக்!

மூப்பருக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏம்ப்பா, ஓய்வுநாளும் அதுவுமா வேலை செய்யறியே, உனக்கே நல்லாருக்கா?"

"அப்ப நாளைக்கு வரட்டுமா ஐயா?"

"ஐயய்யோ! முதல்ல என்னை வெளியே எடு!"

ஸ்பேனர் சத்தம் கேட்டது. அதைவிட உரக்க மூப்பர் பிரசங்கத்தைத் தொடர்ந்தார். மாட்டிக்கொண்டது என்னவோ அவர்தான். தப்பிக்க வழியில்லாமல் தவித்தது மெக்கானிக்.

"ஆறு நாள் உழைச்சா பத்தாதா? ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாரே!"

"வாஸ்தவம்தான் ஐயா. லிஃப்டுக்குத்தான் கிழமை தெரிய மாட்டேங்குது."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்லை. என் பையனும் உன் கம்பெனிதானே? ஒரு வாரமாவது பாட்டுக்குழுவுக்கு வராம இருந்திருக்கானா? பக்தி வேணும்ப்பா, பக்தி!"

இதற்கு மட்டும் மெக்கானிக் ஸ்பேனரை இன்னும் வேகமாகத் திருகினார்.

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி, மூணாவது மாடிக்கு இறங்கிக் கதவு திறந்தது. படியிறங்கி வந்த மெக்கானிக் ஒரு சீட்டை நீட்டினார்.

"வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்து போடுங்க ஐயா. கீழே போட்டா போதும், மேலே ஒண்ணும் படிக்கவேண்டாம்."

படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆளா அவர்? கண்ணாடியை மாட்டினார்.

'இன்றைய டியூட்டி' என்ற இடத்தில் அவருடைய மகன் பெயர் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு, 'மாற்று ஆள்' என்று மெக்கானிக்கின் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

மூப்பர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி மறுபடியும் படித்தார். "இது... எத்தனை வாரமா நடக்குது?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"தம்பி வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்தே ஐயா. ஞாயித்துக்கிழமை டியூட்டின்னு தெரிஞ்சா அப்பா வீட்டுக்குள்ளேயே சேர்க்கமாட்டார்னு, பாவம், அழுதான்."