நாலாவது உறை

தூக்கத்தில் மூச்சு அடைக்காமலிருக்க டாக்டர் கொடுத்த, காற்றை ஊதும் சிபாப் மெஷினின் முகமூடிப் பட்டை கன்னத்தை அறுக்கிறது என்று கணவர் தினமும் புலம்பினார். தையல்காரியான மனைவி அதற்கு நான்கு முறை உறை தைத்துவிட்டாள். கடைசியாகத் தைத்த வெல்வெட்டும் அவருக்கு உறுத்தியது.

"பட்டையில கோளாறு இல்ல, உங்க தலையைத்தான் மாத்தணும்!"

எரிச்சலோடு வயரைச் சுருட்டி, மெஷினையும் முகமூடியையும் அலமாரியில் வைத்தாள்.

பத்து நாள் கழித்து கிளினிக் நர்ஸ் போன் செய்தாள்.

"தினமும் எட்டு மணி நேரம் போட்டிருக்காரே! காத்து துளிகூட கசியல. பட்டையை என்ன பண்ணீங்கக்கா?"

"அவர் அதைத் தொடவே இல்லம்மா."

"மெஷின் தானா எங்களுக்கு அனுப்புற கணக்குல அப்படித்தான் பதிவாகியிருக்கு."

அவள் அலமாரியைத் திறந்தாள். வயர் சுருட்டியபடியே இருந்தது. முகமூடியின் உள்பக்கம் மூச்சு பட்டதுபோல் மங்கியது, தெளிந்தது, மீண்டும் மங்கியது.

"யாரோ ஒருத்தருக்காவது பிடிச்சுதே" என்று முணுமுணுத்தபடி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.