ஆண்களுக்கு ஓர் உத்தரவு

“படி முழுக்க சிகரெட் துண்டு! லிஃப்ட்டுல குப்பை! ஆம்பளைங்க இருக்கிற இடம் உருப்படுமா?”

பிளெவன் நகரில் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகி பென்கா, கையிலிருந்த சிகரெட்டை ஆட்டியபடி கத்தினாள். கூடியிருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

‘ஆண்களே, ஒழுங்காக இருங்கள்’ என்று எழுதி என்னிடம் நீட்டினாள்.

“வாசக்கதவுல ஒட்டுடி.”

“இடமே இல்லையேக்கா.”

“அந்தப் பழைய தாளைக் கிழிச்சுப் போடு!”

நான் கிழிக்கவில்லை. அது தினமும் படி பெருக்கிய வெலிக்கோவின் நாற்பதாம் நாள் துக்க அறிவிப்பு. அந்தத் தாளின் மேலேயே, அவர் படத்துக்கு நேர் கீழே உத்தரவை ஒட்டினேன்.

மற்ற ஆண்களெல்லாம் ஜெர்மனிக்குக் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. அந்த உத்தரவைப் படிக்க, ஆண் என்று இங்கே மிச்சமிருப்பது அந்தப் படம்தான்.