மிச்ச ரெண்டு ஓட்டு

மால்டாவில் சென்சு காலையிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். சர்வதேசக் குழந்தைகள் பாட்டுப் போட்டியில் நாட்டுக்காகப் பாடப்போவது அவர் மகள் யிலேனியா.

“ஆளுக்கு மூணு நாட்டுக்கு ஓட்டுப் போட்டே ஆகணும்டா. ஒண்ணு நம்ம பொண்ணுக்கு. மிச்ச ரெண்டையும் நல்லாப் பாடுறதுங்களுக்குப் போட்டுத் தொலைக்காதே. எது தேறவே தேறாதோ, அதுக்குப் போடு!”

“வெக்கமா இல்ல உங்களுக்கு?” என்றாள் மனைவி டோரிஸ்.

“போடி! எல்லா நாட்டு அப்பனும் இதைத்தான் பண்ணுவான்.”

நடுவர்கள் யிலேனியாவைக் கடைசி இடத்தில் வைத்தார்கள். பிறகு மக்கள் ஓட்டு வந்தது. எல்லா நாடுகளிலிருந்தும் குவிந்ததில் அவள்தான் முதலிடம்!

டோரிஸ் துள்ளிக் குதித்தாள். “பாத்தீங்களா, உலகமே நம்ம பொண்ணுக்குப் போட்டிருக்கு!”

சென்சு பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

“ஆமா டோரிஸ்... அவங்கவங்க மிச்ச ஓட்டை.”