ஓட்டைக்கு வந்த மரியாதை

சுவடி நூலகத்தில் இரண்டு ஓலைச்சுவடிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஒரே சோழர் காலத்துக் காவியம். ஆனால் ஆராய்ச்சிக்கு வந்த அம்மாள் தினமும் பூச்சி அரித்த பழஞ்சுவடியைத்தான் எடுத்தார். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, லென்ஸ் வைத்து ஓட்டை ஓட்டையாகப் பார்த்தார்.

ஓர் எழுத்துகூடச் சிதையாத புதுச்சுவடிக்கு வயிறு எரிந்தது. “இங்கே ஓட்டைக்குத்தான் மரியாதை போல!” என்று பொருமிக்கொண்டே ராமபாணப் பூச்சியைக் கூப்பிட்டது. “வாப்பா, என்னையும் கொஞ்சம் அரித்துவிட்டுப் போயேன்.”

“எந்த இடத்தில்?” என்றது பூச்சி.

“அந்தக் கிழத்துக்கு எங்கெல்லாம் ஓட்டையோ, அங்கெல்லாம்!”

பூச்சி வயிறாரத் தின்றது.

சில நாள் கழித்து அம்மாள் முதல் முறையாகப் புதுச்சுவடியைக் கையில் எடுத்தார். அதற்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

“அதில் அரித்துப்போன பாட்டெல்லாம் நல்லவேளை இதில் இருக்கும்” என்றபடி அம்மாள் கயிற்றை அவிழ்த்தார்.