மூன்று பாடம் போதும்

வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அதற்கு மேல் கடவுளுக்கே கிடையாது. அதில் கடைக்கு நாற்பத்தெட்டு, போய் வரப் பன்னிரண்டு, தூக்கத்துக்கு நாற்பத்தொன்பது. பாடத்துக்கு ஒன்பது மணி நேரம் வீதம் ஆறு பாடம் என்றால் ஐம்பத்துநாலு. மிச்சம் ஐந்து. அதற்குள் குளித்து, சமைத்து, துவைத்து, சாப்பிட்டு, மனுஷியாகவும் இருந்து முடிக்க வேண்டும்.

இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொன்னால் அண்ணன் சிரிப்பான். அவன் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

மடிக்கணினியில் அடுத்த செமஸ்டருக்கான பதிவுப் பக்கம் திறந்திருந்தது. மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். பட்டியலில் இருந்த ஆறில் அவள் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"என்ன, பாதியில நிறுத்திட்ட?"

"மூணு போதும் அண்ணா. புள்ளியியலையும் ஆய்வறிக்கையையும் ஒண்ணா எடுக்கக் கூடாது. ஒண்ணு வாராவாரம் கழுத்தப் பிடிக்கும். இன்னொண்ணு கடைசி மாசம் மொத்தமா தலையில விழும். கஷ்டமானது ஒண்ணு, லேசானது ரெண்டுன்னு பிரிச்சாத்தான்..."

"அந்த விவரமெல்லாம் எனக்கெதுக்கு? பாஸ் ஆகணும், சீக்கிரம் முடியணும். ஆறையும் போடு."

சமையலறை வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "சம்பந்தி வீட்டுல நேத்தும் போன். பட்டம் கைக்கு வந்தாத்தான் தேதின்னு ஒரே பிடியா நிக்கறாங்க. மூணு மூணா எடுத்தா இன்னும் ஒரு வருஷம். அதுவரைக்கும் நம்ம வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்களா?"

"இந்தச் சம்பந்தம் மட்டும் தட்டிப் போகட்டும்," என்றான் அண்ணன். "அப்புறம் இந்த வீட்ல நீ எப்படி நிம்மதியா இருக்கேன்னு பாக்கறேன்."

நிம்மதி. அந்தச் சொல்லை இவன் வாயில் கேட்க அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

போன செமஸ்டரில் ஐந்து பாடம். கடைசி வாரம் கண் சொருகிப்போய், ஒரு தபால்காரரின் மூக்குக்கண்ணாடியில் வலக்கண் லென்ஸை இடப்பக்கமும் இடக்கண் லென்ஸை வலப்பக்கமும் தேய்த்துப் பொருத்திவிட்டாள். மனிதர் படியில் தடுக்கி விழுந்து, கைக்கட்டோடு திரும்பி வந்தார். கடை முதலாளியம்மா கத்தவில்லை. "இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

லென்ஸ் தேய்க்கும் அந்த இயந்திரத்தின் முன்னால் இருக்கும்போது மட்டும் அவள் யாருக்கும் தங்கை இல்லை, யாருக்கும் மகள் இல்லை. அங்கே அவளுடைய கைக்கு மரியாதை இருந்தது. அதுவும் போய்விட்டால் பிறகு இருபத்துநாலு மணி நேரமும் இந்த வீடுதான்.

"இன்னொரு தப்பு பண்ணா எனக்கு வேலை போயிடும்."

"போகட்டுமே. பெரிய மந்திரி பதவி! நாலு மூக்குக்கண்ணாடியத் துடைச்சு வைக்கறதுக்கு இவ்வளவு பவுசா?"

"துடைக்கறதில்ல. தேய்க்கறது."

"ஏதோ ஒண்ணு. வகுப்புக்கு ஓடறியா, மூட்டை தூக்கறியா? உக்காந்த இடத்துல எழுதி அனுப்பற படிப்பு. போன தடவை அஞ்சுலயும் முதல் வகுப்பு வந்துச்சில்ல? அப்புறம் என்ன?"

"வீட்டுக்குன்னு ஒரு காரியம் சொன்னா மட்டும் இவளுக்கு உடம்பு வணங்காது," என்றாள் அம்மா, பீன்ஸிடம்.

அவள் மனசுக்குள் இன்னொரு முறை மணிகளைக் கூட்டிக் கழித்தாள். துணியை வாரத்துக்கு ஒரு முறை துவைத்தால், தூக்கத்தில் தினம் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கினால்...

"நாலு. நாலு வரைக்கும் எப்படியாவது சமாளிக்கிறேன்."

"பேரம் பேச இது என்ன காய்கறிக் கடையா?" அவன் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மீதி மூன்றையும் தானே தேர்ந்தெடுத்தான். பதிவை உறுதி செய்யும் எண் எப்போதும்போல அவனுடைய போனுக்கு வந்தது. "ம், அடி. நாலு, ஏழு, ஏழு, ரெண்டு."

பக்கத்தின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. உறுதி செய்த பின் பாடங்களை மாற்றவோ நீக்கவோ இயலாது. அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"நிச்சயமா ஆறா அண்ணா?"

"காது செவிடா? ஆறு!"

அவள் எண்ணை அடித்தாள். ஆறு பாடங்களும் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

மூன்றுக்காகக் கெஞ்சியாயிற்று, நான்கு வரை இறங்கி வந்தாயிற்று. இனிக் கெஞ்ச ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் உள்ளே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கழன்றுகொண்டது. பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது அதைத்தானோ என்னவோ.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். மடிக்கணினியை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"எங்க எழுந்துக்கற? முதல் கட்டுரை புதன்கிழமைக்குள்ள அனுப்பணும்னு போட்டிருக்கு, பார்!"

அவள் குரல் உயரவில்லை.

"கல்யாணம் உனக்கு, பட்டம் உனக்கு. இந்தத் தடவை படிப்பும் உனக்கே இருக்கட்டும் அண்ணா."