கொசுறுக்கு என்ன இங்கிலீஷ்?

“‘த்ரோ இன்’ வேண்டாம் சேச்சி. ‘த்ரோ அப்’னு சொல்லுங்க” என்றாள் ஷபானா, வெண்கல உருளியைத் துடைத்தபடி.

கொச்சியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில், ஷபானாவின் பழம்பொருள் கடையில், வீரலட்சுமிக்கு அன்று மூன்றாவது நாள். மூன்று நாள் பார்த்துவிட்டு வேலை உண்டா இல்லையா என்று சொல்வதாகப் பேச்சு. இருபத்தொரு வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரியை வேறு எந்தப் பள்ளியும் கூப்பிடவில்லை. இதுவும் இல்லையென்றால் சுள்ளிக்கல் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ராஜபாளையத்தில் தம்பி வீட்டு வாசலில் பெட்டியோடு போய் நிற்க வேண்டியதுதான்.

“ஷபானா, தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“வாங்கின சாமானோட இன்னொண்ணைச் சும்மா சேர்த்துக் குடுத்தா அது ‘த்ரோ இன்’. நம்ம பேச்சுல கொசுறு. ‘த்ரோ அப்’னா வாந்தி எடுக்கிறது.”

“அப்படியா?”

“உருளி வாங்கினா ஒரு விளக்கை வாந்தி எடுத்துத் தரேன்னு வெள்ளைக்காரங்ககிட்டச் சொன்ன மாதிரி ஆயிடும்.”

ஷபானா உருளிக்குள் குனிந்து பார்த்து யோசித்தாள். “சின்ன விளக்குதானே சேச்சி” என்றாள்.

வீரலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வயதுகூட ஆகாத பெண். ஒரு வார்த்தை இங்கிலீஷ் உருப்படியாக வராது. அவளிடம் போய் வேலைக்கு நிற்கிறோமே என்றிருந்தது.

“எங்க அத்தா காலத்துலருந்து இந்தக் கடையில இதுதான் இங்கிலீஷ். எங்கே, ஒரு தடவை சொல்லுங்க, கேக்கறேன்.”

“த்ரோ…” என்று தொடங்கினாள். அதற்கப்புறம் வந்த மௌனத்தில் எதிர்க் கடைக்காரர் யாருக்கோ ஒரு கம்பளத்தை விரித்துக் காட்டி, திரும்பச் சுருட்டியும் வைத்துவிட்டார்.

“…இன்” என்றாள் வீரலட்சுமி.

“சேச்சியோட மல்லுக்கட்டி நான் தோத்தேன்.”

அப்போது வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா உள்ளே வந்தாள். நேராக உருளியிடம் போய் நின்றாள். ஷபானா கை இரண்டையும் கட்டிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

“மேடம், யூ பை திஸ், ஐ த்ரோ அப் ஒன் லேம்ப்.”

அந்த அம்மா ஒரு நிமிடம் திகைத்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஷபானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அப்’ இல்லை கண்ணே, ‘இன்’ என்று சொல்லிக்கொடுத்தாள். ஷபானா எல்கேஜி பிள்ளை மாதிரி இரண்டு தடவை தப்பாகவும் மூன்றாம் தடவை சரியாகவும் சொன்னாள். அந்த அம்மா கைதட்டினாள். சீட்டில் எழுதியிருந்த விலையை அப்படியே கொடுத்து, உருளியையும் விளக்கையும் வாங்கிக்கொண்டு போனாள்.

“பார்த்தீங்களா? பாடம் சொல்லிக் குடுத்த வாயால யாரும் பேரம் பேச மாட்டாங்க. கூச்சமா இருக்கும்.”

“அப்போ சரியானது உங்களுக்குத் தெரியும்.”

“ஒரு நாளைக்கு நாலு பேர் சொல்லித் தராங்க. தெரியாம இருக்குமா? அடுத்த ஆளு சேச்சிக்கு. கடைசி சான்ஸ், மனசிலாச்சா?”

அடுத்ததாக வந்தது ஒரு தம்பதி. கணவன் மர யானையைக் கையில் எடுத்து விலை கேட்டான். வீரலட்சுமி வாயைத் திறந்தாள்.

ஒரே ஒரு சொல். தம்பி மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டாள். அந்தச் சமையலறையில் தனக்குக் கிடைக்கப்போகும் மூலையை நினைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தத் தப்பை எத்தனை நோட்டுகளில், எத்தனை வருடம், சிவப்பு மையால் சுழித்திருப்பாள். அந்தக் கை இப்போது தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கணவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

“வீ வுட் பி ஹாப்பி டு த்ரோ இன் எ லேம்ப், சார்.”

அவன் புருவத்தை உயர்த்தினான். உங்கள் இங்கிலீஷ் பிரமாதம் என்றான். அப்புறம் பேரம் பேசினான், சரிக்குச் சரி நின்று, கால் மணி நேரம். முடிவில் யோசித்துவிட்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

ஷபானா கடைக்கதவைப் பாதி சாத்தினாள்.

“கடை வேலை சேச்சிக்குச் சரிப்படாது.”

“தெரியும் மோளே.” வீரலட்சுமி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வரேன்.”

“மணி ஆறாச்சு. ரெண்டு நிமிஷம் இப்படி உட்காருங்க.”

ஷபானா மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்து, வீரலட்சுமியின் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில், வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை எழுதப்போகும் முப்பது நர்சுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் “குட் ஈவினிங், ஷபானா மிஸ்” என்றார்கள்.

கேட்டவர்கள் லண்டனில் பிறந்தவள் என்று நினைக்கக்கூடிய இங்கிலீஷில் ஷபானா சொன்னாள்: “நாளையிலிருந்து உங்களுக்கு இவங்கதான் டீச்சர். மூணு நாளா நானும் என்னென்னவோ செஞ்சு பார்த்துட்டேன், இவங்க வாயிலேருந்து ஒரு தப்பான சொல்லை வாங்க முடியலை.”